புற்றரையும் களையும்

'களை' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். எனினும் அது எந்தச் செடியின் பெயருமன்று என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. களைதல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் அது. களையப்படுவது எதுவோ அதுவே களை. ஆகவே அச்சொல்லிலே செடியைக் காட்டிலும் மனிதனின் கையே முன்னிற்கின்றது. யாருடைய கை, யாருடைய நிலம், யாருடைய ஆணை என்னும் வினாக்களை எழுப்பாமல் எந்தப் பூண்டையும் களையென்று சுட்டுதல் இயலாது.

இவ்வினாக்கள் நம் முன்னே எழுந்தது ஏட்டுப் படிப்பினாலன்று. புத்தளக் கரையோரத்துப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிப்பவர் நாம். சென்ற ஆண்டு இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு மைதானத்தைச் செப்பனிட வேண்டியிருந்தது. மாரி ஓய்ந்த மணற்றரையிலே புல்லைவிடப் பூண்டே மிகுந்திருந்தது. வெறுங்காலுடன் ஓடிப்பழகிய பிள்ளைகளின் உள்ளங்காலிலே நெருஞ்சிமுள் தைத்துக் குருதி கசிந்தது. ஆசிரியர் கூட்டத்திலே ஒருவர், களைநாசினி தெளித்தால் இரண்டு வாரத்திலே வேலை முடிந்துவிடும் என்றார். பணமும் ஒதுக்கப்பட்டது. அம்மைதானத்தின் மூலையிலேதான் பிள்ளைகள் நீர் அருந்தும் கிணறு இருக்கின்றது. அதனருகே முதியவளொருத்தி வாரத்தில் இருமுறை வந்து பொன்னாங்காணியும் வல்லாரையும் கிள்ளிச் செல்வது வழக்கம். நெருஞ்சிமுள், கிணறு, கீரை என்னும் இம்மூன்றுக்குமிடையே எதை எவ்வாறு தீர்மானிப்பது? வரலாற்றின் துணையின்றி இதற்கு விடை காண முடியாதெனத் தோன்றியது. அந்த ஆராய்ச்சியின் விளைவே இக்கட்டுரை.

பழந்தமிழிலே களை

சங்க இலக்கியத்தின் மருதநிலக் காட்சிகளை நாம் அழகுக்காகவே படித்துப் பழகியுள்ளோம். ஆனால் புறநானூற்றுப் பாட்டொன்றிலே, வயலில் இறங்கிய உழவர் மகளிர் நெய்தலையும் ஆம்பலையும் களையாகப் பறித்தெறிகின்றனர். புலவர்கள் காதலியின் கண்ணுக்கு உவமை தேடிய மலர்கள் அவை. அரசனின் குளத்திலே அழகாயிருந்த பூ, உழவனின் வயலிலே நெல்லுக்குப் பகையாயிற்று. செடியின் குணம் மாறவில்லை. அது நின்ற நிலமும், அந்நிலத்தின்மேல் மனிதர் கொண்ட தேவையுமே மாறின.

இதற்கு மறுதலையான காட்சியொன்று சிறுபாணாற்றுப்படையிலே உண்டு. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, தன் வறுமையைப் பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். செல்வர் மிதித்துச் செல்லும் பூண்டு வறியோர் வீட்டிலே உணவாகின்றது. இவ்விரு காட்சிகளையும் ஒருங்கே நோக்கும்போது, களை என்பது தாவரவியல் வகுத்த இனமன்று, மனிதர் தம்முள்ளே கொண்டுள்ள உறவின் சாயலே என்பது புலனாகும்.

திருக்குறளோ இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. செங்கோன்மை அதிகாரத்திலே கொடியோரைக் கொலைத்தண்டத்தால் ஒறுக்கும் வேந்தன் பயிரிலே களை பறிக்கும் உழவனுக்கு ஒப்பிடப்படுகின்றான். வள்ளுவர் நினைத்தது கொலைத்தொழிலரை. ஆயினும் ஆளுவோர் கைக்கு வந்தபின் இவ்வுவமை எங்கெங்கு சென்றதென்பதை இருபதாம் நூற்றாண்டு கண்டது. மனிதரையே களையென்று கருதிப் பிடுங்கியெறிந்த கொடுமையை நம் நாடும் அறியும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் வந்து தங்கியது இந்தப் புத்தளக் கரையிலேதான். மைதானத்திலே கீரை கிள்ளும் அம்முதியவளும் அவர்களுள் ஒருத்தி.

புற்றரை வந்த வரலாறு

வயலிலே களை இருப்பதன் காரணம் விளங்குகின்றது. பயிரின் உணவை அது பறிக்கின்றது. ஆனால் புற்றரையிலே பயிர் ஏது? உண்ணவும் விற்கவும் பயன்படாத புல்லைக் காக்கும்பொருட்டு மற்றைப் பூண்டுகளை அழிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் நிலப்பிரபுக்கள் தம் மாளிகைகளைச் சூழ அகன்ற புல்வெளிகளை வைத்திருந்தனர். விளைநிலமாகக்கூடிய மண்ணை வீணே கிடக்கவிட வல்லவர் தாம் என்று காட்டுவதே அவ்வெளிகளின் பொருள். ஆடுகள் மேய்ந்தும், கூலியாட்கள் நீண்ட அரிவாளால் அரிந்தும் அவை பேணப்பட்டன. 1830ஆம் ஆண்டிலே எட்வின் பட்டிங் என்னும் பொறியாளர் புல்வெட்டும் பொறிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். நெசவாலையிலே கம்பளித் துணியின் மேற்பரப்பிலுள்ள மயிரை ஒரே மட்டமாகச் சீவும் பொறியைக் கண்டே அவர் இதனை உருவாக்கினார். ஆலையிலே துணிக்கு வந்த ஒழுங்கு அங்ஙனம் நிலத்துக்கும் வந்தது. பிரபுவின் புற்றரை நடுத்தர வகுப்பாரின் முற்றத்துக்கும் இறங்கியது.

அதே புற்றரை குடியேற்ற ஆட்சியோடு கடல் கடந்தது. கச்சேரி, துரைமாரின் பங்களா, வாடிவீடு, விளையாட்டுக் கழகம் ஆகிய யாவற்றின் முன்னும் வெட்டப்பட்ட புல் விரிந்தது. ஈரமும் தண்மையுமுள்ள நாட்டின் வழக்கத்தை, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, பின் மாதக்கணக்காகக் காற்றிலும் வெயிலிலும் வறளும் மணற்கரையிலே நிலைநாட்ட முயன்றனர். அதன் பொருட்டு நீர் இறைத்தவரும், குந்தியிருந்து பூண்டு பிடுங்கியவரும் இந்நாட்டு ஏழைகளே. துரைமார் போயினர், புற்றரையைப் பற்றிய எண்ணம் போகவில்லை. பாடசாலை மைதானமும் பச்சைக் கம்பளமாயிருத்தல் வேண்டும் என்ற விருப்பம் நம்மிடத்தும் தங்கிவிட்டது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. இலங்கையிலே புற்றரைக்கென விரும்பி நடப்படும் அகன்ற இலையுள்ள கம்பளப்புல் வெப்ப அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அதனிடையே முளைத்துக் களையெனப் பெயர் பெறும் தொட்டாற்சுருங்கியும் வெட்டுக்காயப்பூண்டும் அங்கிருந்தே வந்தவை. ஒரே ஊரிலிருந்து வந்த மூவரிலே ஒருவருக்கு வரவேற்பும் இருவருக்குத் தண்டனையும் கிடைத்துள்ளன! மறுபுறத்திலே, அழகுக்கென வரவழைக்கப்பட்டதே பகையான வரலாறும் உண்டு. பூவின் அழகுக்காக 1905ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த ஆற்றுவாழை நீர்நிலைகளை மூடத் தொடங்கவே, 1909ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தை அதற்கெனவே இயற்ற வேண்டியதாயிற்று.

பூண்டுகளை அறிதல்

அழிப்பதாயினும் காப்பதாயினும் முதலில் அறிதல் வேண்டும். தொல்காப்பியம் மரபியலிலே, வெளிப்புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் உள்ளே வயிரமுடையவற்றை மரம் என்றும் வகுக்கின்றது. அவ்வழி நோக்கின் இக்கரையோரமெங்கும் நிற்கும் தென்னையும் புல்லே. இக்காலத் தாவரவியலும் தென்னையையும் அறுகையும் ஒருவித்திலை இனத்துள்ளேயே அடக்குகின்றது. அவற்றின் இலைநரம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் நீளவாக்கிலே ஓடும். அகலிலைப் பூண்டுகளோ இருவித்திலைச் செடிகள். அவற்றின் நரம்புகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். முக்கோணத் தண்டுடைய கோரை புல்லைப்போலத் தோன்றினும் புல்லன்று, அகலிலைப் பூண்டுமன்று. புல்லின் வளருமிடம் அடியிலே மண்ணோடு ஒட்டியிருத்தலால், மேலே வெட்ட வெட்ட அது தழைக்கும். நிமிர்ந்து வளரும் அகலிலைப் பூண்டின் வளருமிடம் நுனியிலே இருத்தலால் வெட்டு அதனைத் தளர்த்தும். தரையோடு படர்வனவோ வெட்டுக்குத் தப்பி நிலைக்கும். இவ்வேறுபாடே களை கட்டும் முறைகளுக்கெல்லாம் அடிப்படை.

நம் மைதானத்திலே மாணவருடன் சேர்ந்து இவற்றை இனங்கண்டோம். நெருஞ்சி ஒரே வேரிலிருந்து நாற்புறமும் நட்சத்திரம்போலத் தரையோடு படரும். புளியிலைபோன்ற சிறு இலைகள், மஞ்சட்பூ, ஐந்தாக உடையும் முட்காய் ஆகியன அதன் அடையாளம். ஒரு மாரியிலே முளைத்துக் காய்த்து மடியினும், அதன் வித்து மண்ணுள்ளே பல ஆண்டுகள் உறங்கவல்லது. தொட்டாற்சுருங்கி முள்ளுடையதாயினும் அவரைக் குடும்பத்தது. அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. வெட்டுக்காயப்பூண்டின் வித்து பஞ்சிறகு கட்டிக் காற்றிலே பறப்பது. கிள்ளினால் பால் வடிவதும் செம்மை கலந்த மயிர்த்தண்டுடையதுமாகிய அம்மான்பச்சரிசி, காலடிபட்டு இறுகிய மண்ணிலே மிகுதி. உப்புக்காற்றைப் பொறுக்கும் பொடுதலை கணுக்கள்தோறும் வேர்விட்டு மணலைப் பிணிக்கின்றது. மூக்கிரட்டை, தேங்காய்ப்பூக்கீரை, கீழ்க்காய்நெல்லி என்பன ஓரங்களிலே நின்றன. கிணற்றடி ஈரத்திலே பொன்னாங்காணியும் வல்லாரையும் தழைத்திருந்தன.

பத்துக்கு மேற்பட்ட பூண்டுகளை எண்ணினோம். அவற்றுள்ளே ஓடும் பிள்ளையின் காலுக்குத் தீங்கு செய்வன நெருஞ்சியும் தொட்டாற்சுருங்கியுமாகிய இரண்டே. எஞ்சியன உணவாகவோ மருந்தாகவோ மணலைக் காக்கும் போர்வையாகவோ பயன்படுவன. எல்லாவற்றையும் ஒருங்கே அழிக்கும் மருந்துக்கு இவ்வேறுபாடு தெரியுமா?

மருந்தின் வரலாறு

அகலிலைப் பூண்டை மட்டும் கொன்று புல்லைத் தப்பவிடும் மருந்து இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே தோன்றியது. செடியின் வளர்ச்சியை இயக்கும் ஊக்கியொன்றைப் போலிசெய்யும் வேதிப்பொருள் அது. அதனை ஏற்ற அகலிலைப் பூண்டு கட்டுக்கடங்காது வளர்ந்து, தண்டு முறுகி, தன் வளர்ச்சியாலேயே மடிகின்றது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஒரே காலத்திலே இவ்வாராய்ச்சி நடைபெற்றது. 1944ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர் மார்த்தும் மிச்சலும் 2,4-டி என்ற அப்பொருளைப் புற்றரையிலே தெளித்து, புல் நிற்க அகலிலைப் பூண்டுகள் மடிவதைக் கண்டு வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலே அது கடைக்கு வந்தது. அதுவரை புற்றரைக்கு நல்லதென்று புல்வித்தோடு கலந்தே விதைக்கப்பட்ட வெண்குளோவர் என்னும் செடியும் அம்மருந்துக்கு மடிவதாயிற்று. காலப்போக்கிலே அதுவும் களைகளின் பட்டியலிலே சேர்க்கப்பட்டது. களையைக் கொல்ல மருந்து வந்தது என்போம். மருந்து கொன்றதனாலே களையானதும் உண்டென்பது இங்கே மனங்கொள்ளத்தக்கது.

போர்க்காலத்திலே பிறந்த அவ்வறிவு போருக்கே மீண்டது. 1950களின் தொடக்கத்திலே மலாயாவிலே பிரித்தானியப் படையினர், காட்டிலிருந்து போராடியோரின் மறைவிடங்களையும் பயிர்களையும் அழிக்கக் களைநாசினிகளைப் பயன்படுத்தினர். 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் வியட்னாமின் காடுகள்மீதும் வயல்கள்மீதும் ஏழு கோடி லீற்றருக்கு மேற்பட்ட களைநாசினியைப் பொழிந்தன. அவற்றுட் பெரும்பகுதியான 'ஏஜன்ட் ஒரேஞ்ச்', 2,4-டியும் 2,4,5-டியும் சம அளவிலே கலந்தது. பின்னதிலே கலந்திருந்த டையொக்சின் என்னும் நஞ்சு தலைமுறை கடந்தும் அம்மக்களை வருத்துகின்றது. புற்றரையைச் சீர்செய்த மருந்தும் காட்டை எரித்த மருந்தும் ஒரே குடும்பத்தன. முதலாவது தெளிப்பு நடந்த அழகான புல்வெளியிலே நின்றவர் எவரும் இரண்டாவதைக் கனவிலும் கண்டிரார்.

நம் நாட்டு வரலாறும் எளிதன்று. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்த வந்தது. அதன் பின்னும் பரகுவாற்று என்னும் களைநாசினி பல குடும்பங்களை மரணத்துயரில் ஆழ்த்தியது. 2008ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாக அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. வடமத்திய மாகாணத்து உழவரை வாட்டும் சிறுநீரக நோயின் பின்னணியிலே, புல், பூண்டு என்ற வேறுபாடின்றி யாவற்றையும் கொல்லும் கிளைபோசேற்று 2015ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. அந்நோய்க்கு அதுவே காரணமென்று அறிவியலார் ஒருமனதாக நிறுவவில்லை. 2018இலே தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது; 2022இலே முற்றாக நீக்கப்பட்டது. தடையும் தளர்ச்சியும் அரசியற் காற்றுக்கேற்ப மாறின. களை பறிப்பவரின் கூலியும் உடல்நலமும் அவ்விவாதங்களிலே எவ்வளவு இடம் பெற்றன என்பது வேறு கேள்வி.

புத்தளக் கரைக்கு மேலுமொரு தனிக் காரணம் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டிலே மணலின் கீழே, உவர்நீரின்மேல் மிதப்பதுபோல நன்னீர்ப் படையொன்று ஆழமின்றிக் கிடக்கின்றது. குடிப்பதற்கும் வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்கு இறைப்பதற்கும் அதே நீர். மணல் எதையும் பிடித்துவைப்பதில்லை. தோட்டங்களுக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்று கிணறுகளிலே தங்கியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உரம் இறங்கும் வழியே மருந்தும் இறங்கும். ஒருவர், மருந்து வேண்டாமாயின் உப்பைக் கொட்டலாமே என்றார். புதிய அளம் என்பதிலிருந்தே புத்தளம் என்ற பெயர் வந்ததென்பர்; உப்புக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் உப்பு பூண்டோடு புல்லையும் மண்ணையும் கெடுத்துக் கிணற்றையும் உவராக்கும். மலிவானது எல்லாம் எளியதன்று.

கையின் கேள்வி

இவ்வளவும் அறிந்தபின், கையாற் களை பறித்தலே சாலச் சிறந்தது என்று எழுதி முடித்தல் எளிது. நாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். ஆயின் ஒரு மாலை கிணற்றடியிலே அம்முதியவளிடம் இதனைச் சொன்னபோது அவள் சிரித்தாள். தன் ஊரை இழந்து வந்தபின் நெடுங்காலம் தென்னந்தோட்டங்களிலும் வெங்காயத் தோட்டங்களிலும் கூலிக்குக் களை பறித்தவள் அவள்.

"குனிஞ்சு குனிஞ்சு ஒடிஞ்ச இடுப்பு மகன் இது. மருந்து வந்த பொறகுதான் நிமிர்ந்தேன். ஆனா நிமிர்ந்து பார்த்தா கூலியும் இல்ல."

இவ்விரு வாக்கியங்களுக்குள்ளே நூறு பக்க நூலொன்றின் பொருள் அடங்கியிருக்கின்றது. கருவியும் மருந்தும் உழைப்பவரின் முதுகை நிமிர்த்த வேண்டியவை. அவை முதலாளியின் செலவைக் குறைக்கவே வந்தமையால், முதுகு நிமிர்ந்த அதே நாளிலே அடுப்பு அணைந்தது. ஆகவே மருந்தை மட்டும் பழித்து, குனிந்த முதுகைப் புகழ்வோமாயின், அது மரபுப்பற்றென்ற பெயரிலே மற்றவரின் வருத்தத்தைப் போற்றுவதாகும். முகாமிலே இருந்த நாட்களில் வெறுங்காணிகளிலே முளைத்த மூக்கிரட்டையும் பொன்னாங்காணியுமே தன் பிள்ளைகளுக்குக் கறியென்றும் அவள் கூறினாள். கதவடைத்து உண்ட கிணைமகளை வகுப்பிலே பல ஆண்டுகளாகக் கற்பித்து வந்துள்ளோம். அவளை நேரிலே கண்டது அன்றுதான்.

இறுதியிலே ஆசிரியர் கூட்டம் நெடுநேரம் விவாதித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. மருந்துக்கென ஒதுக்கிய பணம் அயலிலுள்ள பெண்கள் நால்வருக்குக் கூலியாகக் கொடுக்கப்பட்டது. நாட்கூலி என்னவென்பதை முதலிலே அவர்களிடமே கேட்டோம். பிள்ளைகளைத் தண்டனையாகப் புல்லுப் பிடுங்க விடும் வழக்கம் நிறுத்தப்பட்டது. மழை பெய்து மண் இளகிய மறுநாளிலே, காய்க்குமுன் நெருஞ்சியின் வேர்முடிக்குக் கீழே வெட்டியெடுத்தனர். குனியாமல் நின்றபடி செருக்குவதற்கு நீண்ட பிடியிட்ட கருவிகளைத் தச்சரிடம் செய்வித்தோம். உதிர்ந்து கிடந்த முட்காய்களின்மேல் பழஞ்சாக்கை விரித்து மிதித்து இழுக்க, அவை சாக்கிலே குத்திக்கொண்டு வந்தன, அவற்றை எரித்தோம். தொட்டாற்சுருங்கியைப் பூக்குமுன் திரும்பத் திரும்ப வெட்டினோம். வெறுமையான இடங்களிலே எருவிட்டு, ஐப்பசி மழையோடு அறுகங்கொடிகளை நட்டோம். வெறுந்தரையே களைக்கு முதல் அழைப்பு. புல்லை ஒட்ட வெட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்ட, அதன் நிழலிலே பூண்டின் வித்து முளைப்பது குறைந்தது. கிணற்றடியும் வேலியோரமும் கீரைக்கென விடப்பட்டன.

இதனால் மைதானம் பச்சைக் கம்பளமாகிவிடவில்லை. இவ்வாண்டும் நெருஞ்சி முளைத்தது. சென்ற ஆண்டினும் குறைவு, அவ்வளவே. மண்ணிலே உறங்கும் வித்துகள் தீரச் சில ஆண்டுகள் செல்லும். மருந்தே தக்க வழியென்ற நண்பர் இன்னும் தம் கருத்தை மாற்றவில்லை. அவர் கூறுவதிலும் நியாயம் உண்டு. முள் தைத்த பிள்ளையின் தாய்க்கு நாம் கூறும் வரலாறு மருந்தாகாது. ஆண்டுதோறும் கூலிக்குப் பணம் கிடைக்குமா என்பதும் உறுதியில்லை.

எனினும் ஒன்று மாறியுள்ளது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இப்பொழுது மைதானத்துப் பூண்டுகளைப் பெயர் சொல்லி அழைக்கின்றனர். பெயர் தெரியாத வரையில் எல்லாம் களையாகவே இருந்தன. பெயர் தெரிந்தபின் பிடுங்க வேண்டியது எது, விட்டுவைக்க வேண்டியது எது, யாரைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டியது எது என்று பிரித்தறிய முடிகின்றது. சிலவற்றைப் பிடுங்கத்தான் வேண்டும்; அதிலே ஐயமில்லை. ஆனால் 'இது களை' என்று யாரேனும் சுட்டும்போதெல்லாம், சுட்டும் விரல் யாருடையது, பிடுங்கும் கை யாருடையது என்று கேட்கும் பழக்கம் நம் இளைஞரிடத்தே வளர வேண்டும். செடியைப் பற்றிக் கேட்கப் பழகியவன் மனிதரைப் பற்றியும் கேட்பான்.